கணினி திறக்க பத்து நிமிஷம்: ரேம் வாங்கும் முன்

மன்னார்குடி நண்பருக்கு வணக்கம். விண்டோஸ் 10 திறக்க பத்து நிமிஷம் ஆகுது, ரேம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) கூட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு அதுக்குக் காசு போடாதீங்க சார். கணினி திறந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. கணினியில் எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் 100% என்றே ரொம்ப நேரம் நின்னா, திணறுவது பெரும்பாலும் ஃபைல்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்தான். அங்கேயே ஸ்டார்ட்அப் பகுதியில், கணினி திறந்ததும் தானா ஓடுற புரோகிராம்களில் வேண்டாததை நிறுத்துங்க. ஆன்டிவைரஸை மட்டும் தொடாதீங்க. அப்பவும் சரியாகலைன்னா ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிரைவ்) போடுங்க. பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நம்ம டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு கரண்ட் சொல்லாம போகும். டிஸ்கில் ஃபைல் பதிவாகிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனா அந்த ஃபைல் கெடலாம், அதனால கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ்ஸும் அவசியம். ஹார்ட் டிஸ்கில் டக் டக்னு சத்தம் கேட்டா அது பழுதாகிட்டிருக்கலாம், மத்ததெல்லாம் அப்புறம். குடும்பப் போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாத்தையும் முதல்ல வேற டிரைவில் எடுத்து வைங்க.