காதுக்குப் பழகிய பேஸ்

வணக்கம் அண்ணன்,

கொழும்பில் வேலை செய்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருக்கா இரவு பஸ்ஸில் களுவாஞ்சிகுடிக்கு வந்து போவேன். ஆறு வருசமாக ஒரே ஹேண்ட்ஸ்ஃப்ரீதான், போனில் பேஸ் பூஸ்ட், அதாவது தாழ்ந்த ஒலியைக் கூட்டும் வசதி, எப்போதும் போட்டபடி. போன மாதம் ஸ்டூடியோக்காரர் பாவிக்கும் மொனிட்டர் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கோ பாட்டு வற்றிப்போன மாதிரி இருக்கிறது. கூத்துப் பதிவு ஒன்று போட்டால் மத்தளம் தகரத்தில் அடிப்பதுபோலக் கேட்கிறது. என் ரசனை பிழையா, ஹெட்போன் பிழையா? விற்றுவிடவா?

– கே., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

இப்போதைக்கு விற்க வேண்டாம். உங்கள் ரசனையிலும் பிழை இல்லை. ஆனால் நீங்கள் ரசனை என்று சொல்வதில் ஒரு பங்கு, பஸ் எஞ்சின் பழக்கிவிட்டது.

எஞ்சின் உறுமலும் டயர் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள். பாட்டின் பேஸும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரைச்சல் அதை மூடிவிடும். குரலும் சல்லரியும் தப்பி மேலே கேட்கும். அந்தக் குறையை நிரப்பத்தான் பேஸைக் கூட்டினீர்கள். பஸ்ஸுக்குள் அது சரியான வேலை. ஆறு வருசம் அப்படியே கேட்டால், பாட்டின் உருவமே அதுதான் என்று மூளை எடுத்துக்கொள்ளும். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் லவுட்ஸ்பீக்கரிலேயே பாட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இது நேர்மாறாக இருக்கும். அதில் பேஸ் வராது, குரல்தான் முன்னுக்கு நிற்கும். அவருக்கு உங்கள் பேஸ் பூஸ்ட் குரலை மறைக்கும் சுவராகத் தெரியும்.

ஆனாலும் 'தகரம்' என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. பேஸ் குறைவது வேறு, அடியோடு இல்லாமல் போவது வேறு. முதலில் குஷன் காதைச் சுற்றி நன்றாக மூடுகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் காம்பு, முடி, தேய்ந்த குஷன் என்று எது இடைவெளி விட்டாலும் அதன் வழியாகப் பேஸ் கசிந்துவிடும். பாட்டு ஓடும்போது குஷனின் ஓரங்களை இரண்டு கையாலும் மெல்ல அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் கசிவுதான் காரணம். நம் பக்கத்து வெக்கையிலும் வியர்வையிலும் ரெக்சின் குஷன் சீக்கிரம் உரியும், அதை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, சத்தத்தின் அளவு. அதை டெசிபலில் சொல்வார்கள். ஒலி தாழ்ந்ததா உயர்ந்ததா என்பதைச் சொல்வது ஹெர்ட்ஸ்; எண் சிறிதானால் ஒலி தாழ்ந்தது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கிற அதே அளவுக்கு 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 64 டெசிபல் தேவை. இது எல்லாக் காதுக்கும் பொதுவான இயல்பு. 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டியது. இரவில் வீட்டார் தூங்கும்போது மெல்ல வைத்துக் கேட்டால் எந்த ஹெட்போனிலும் பேஸ் மெலியும்.

இனி பேஸ் பூஸ்ட் போட்ட ஹேண்ட்ஸ்ஃப்ரீயையும் மொனிட்டரையும் நேர்மையாக ஒப்பிடுங்கள். பேஸ் பூஸ்ட் போட்டதும் மொத்தச் சத்தமும் ஏறும். சற்றுச் சத்தமாக இருப்பதையே காது நல்லது என்று தீர்ப்புச் சொல்லும். அதனால் கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளம் இல்லாமல் தனியாகப் பாடும் இடத்தை எடுத்து, இரண்டிலும் குரலைச் சம அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வொலியூமைத் தொடாமல் தாளக்கட்டு வேகமாக ஓடும் இடத்துக்குப் போங்கள். மத்தளத்தின் ஒவ்வோர் அடியிலும் இரண்டு பகுதி இருக்கிறது: விரல் தோலில் படும் 'டப்', அதன்பின் உள்ளே உருளும் முழக்கம். பேஸ் பூஸ்டில் முழக்கம் நீண்டு அடுத்த அடியின் மேல் ஏறி, அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மொனிட்டரில் முழக்கம் சிறுக்கும், ஆனால் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். எனக்கு அந்த விரல்கள் வேண்டும். முழக்கம்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதைச் சொல்ல நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

அதன்பின் இரண்டு கிழமை வீட்டில் மொனிட்டரை மட்டும் பாவியுங்கள். இடையில் மாற்றி மாற்றிப் போட்டால் காது பழகாது. முதல் நாள் தீர்ப்பை நம்பாதீர்கள்.

அப்போதும் குறையாகத் தெரிந்தால், தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈகுவலைசர் இருக்கிறது. போனின் 'பேஸ் பூஸ்ட்' பொத்தான் பல வேளைகளில் 200, 300 ஹெர்ட்ஸையும் சேர்த்துத் தூக்கிவிடும். பாடுகிறவர் குடத்துக்குள் நின்று பாடுவதுபோல ஆகிவிடும். எந்த ஹெர்ட்ஸில் கூட்டுவது என்று நாமே குறிக்கக்கூடிய பராமெட்ரிக் ஈகுவலைசர் செயலியில், தாழ்ந்த ஒலிகளை மொத்தமாகத் தூக்கும் லோ ஷெல்ஃப் தெரிவுசெய்து 105 ஹெர்ட்ஸ், கியூ (ஏற்றத்தின் சரிவு) 0.7, +4 டெசிபல் என்று போடுங்கள். போதாவிட்டால் +6 வரை போகலாம். எவ்வளவு கூட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு, செயலியில் மொத்தச் சத்தத்தை மாற்றும் ப்ரீஆம்பைக் குறைக்க வேண்டும்: +6 என்றால் -6. மறந்தால் பலத்த அடிகளில் ஒலி உடைந்து கரகரக்கும், ஹெட்போன் பழுதென்று நினைப்பீர்கள். 'ச', 'ஸ' எழுத்துகள் காதைக் குத்தினால் 6000 முதல் 8000 ஹெர்ட்ஸுக்குள் 2 டெசிபல் குறையுங்கள்.

இப்படிக் கூட்டுவது குற்றம் இல்லை. ஒலி ஆய்வாளர் ஷான் ஒலிவும், ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் அவருடைய குழுவினரும் பலரைக் கேட்கவைத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவர்கள் விரும்பியது பேஸ் சற்று உயர்ந்த ஒலியைத்தான். அதைவிடக் கூடுதலாகக் கேட்டவர்களும் குறைவாகக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் 4 மணித்தியாலம்தான். ஓர் இரவுப் பயணத்திலேயே அது தீர்ந்துவிடும். பஸ்ஸால் இறங்கிய பிறகு காதுக்குள் 'ஙொய்' என்று இரைந்தால், அல்லது ட்ரெபிளை (உயர்ந்த ஒலிகளை) வருசாவருசம் கூட்ட வேண்டியிருந்தால், அதை ரசனை என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள்.

பஸ்ஸுக்குப் பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீயே போதும். காதுத் துளையை இறுக்கமாக மூடும் அளவில் ரப்பர் முனையை மாற்றிப் போடுங்கள். வெளி இரைச்சல் குறையும், வொலியூமையும் இறக்கிவிடலாம்.