"லேப்டாப்பைப் பிடுங்கி வைத்துவிடலாமா?"

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பையனுக்குப் பேசினால் திக்கும், அதனால் பள்ளியில் யாரிடமும் ஒட்ட மாட்டான். சாயங்காலம் வந்ததும் அக்காவின் லேப்டாப்பைத் திறந்து ரோப்ளாக்ஸ் என்ற ஆன்லைன் விளையாட்டு உலகத்துக்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு கடைவீதி கட்டியிருக்கிறானாம், நிறைய நண்பர்கள் இருக்கிறார்களாம். போன மாதம் என் போனிலிருந்து 3,200 ரூபாய் போய்விட்டது. அங்கே பழக்கமான 'அண்ணா' ஒருவர் வேறு ஆப்பில் பேசலாம் வா என்று கூப்பிடுகிறார் என்று அவனே சொன்னான். அவன் அப்பா லேப்டாப்பை உடைத்துவிடுவேன் என்கிறார். பிடுங்கி வைத்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் அந்த 'அண்ணா' விஷயம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது இன்று ராத்திரியே முடிய வேண்டும். ரோப்ளாக்ஸுக்குள் தட்டச்சு செய்யும் பேச்சுக்குப் பொதுவாக வடிகட்டி உண்டு. அந்தப் பேச்சில் போட்டோ அனுப்ப வழியில்லை. வெளி ஆப்பில் அந்தக் காவல் கிடையாது. முகம் தெரியாத ஒருவர் ஒரு சிறுவனை வெளியே கூப்பிட்டால், அவர் நல்லவரா கெட்டவரா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். திட்டாமல் மகன் பக்கத்தில் உட்காருங்கள். போட்டோ கேட்டாரா, வீடு எங்கே, எந்தப் பள்ளி என்று கேட்டாரா என்று விசாரியுங்கள். பேசியதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஆளை பிளாக் செய்து, அந்தத் தளத்திலேயே புகாரும் கொடுங்கள். போட்டோ கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சைபர் கிரைம் போலீசுக்கும் சொல்லத் தயங்காதீர்கள். உங்கள் மகன் தானாக வந்து இதைச் சொல்லியிருக்கிறான். சொன்னதற்குக் கூலியாக லேப்டாப்பைப் பிடுங்கினால் அடுத்த தடவை சொல்ல மாட்டான்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் ஒரு மணி நேரம் உள்ளே சுற்றினேன். வழி தெரியாமல் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். எங்கிருந்தோ தொப்பி வைத்த ஓர் உருவம் ஓடி வந்து, ஏற வேண்டிய படியைக் காட்டிவிட்டுப் போனது. யாரென்று தெரியாது, எந்த ஊரென்றும் தெரியாது. திக்கித் திக்கிப் பேசும் பிள்ளைக்கு அந்த இடம் என்னவாக இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே விரலால் பேசலாம். அடுத்த வார்த்தை எப்போது வரும் என்று யாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் டுஷேன் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியிலேயே இருந்து 2014-ல், 25 வயதில் இறந்தார். பிள்ளை நட்பு, காதல் எதுவும் அறியாமல் போய்விட்டானே என்றுதான் பெற்றவர்கள் அழுதார்கள். அவர் எழுதிவந்த வலைப்பூவில் மரணச் செய்தியைப் போட்டதும் பல நாடுகளிலிருந்து அஞ்சல்கள் வந்து குவிந்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டு உலகில் அவரோடு வருஷக்கணக்கில் பழகியவர்கள் எழுதியவை. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். மகன் வாழ்ந்த வாழ்க்கையை அவன் போன பிறகு தெரிந்துகொண்ட அந்தப் பெற்றோரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

நீங்கள், "கட்டியிருக்கிறானாம்", "இருக்கிறார்களாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆம்' என் கண்ணில் பட்டது. அந்தக் கடைவீதியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. உடைப்பேன் என்கிற அவன் அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து, "எங்களைச் சுற்றிக் காட்டுப்பா" என்று கேளுங்கள். அங்கே இடங்களை உருவாக்கும் கருவியான ரோப்ளாக்ஸ் ஸ்டுடியோவில் அவனே கட்டியதென்றால் அது சும்மா விளையாட்டில்லை. தொட்டதும் கதவு திறக்க வேண்டும், சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும் என்றால் பெரும்பாலும் லுவாவிலிருந்து வந்த லுவாவ் (Luau) என்ற கணினி மொழியில் எழுத வேண்டியிருக்கும்.

பணத்தில் மட்டும் இரக்கம் வேண்டாம். அங்கே ரூபாய் கண்ணில் படாது, ரோபக்ஸ் என்ற அவர்கள் காசுதான் ஓடும். ரூபாய் கொடுத்து மொத்தமாக அதை வாங்கிவிட்டால், பிறகு ஒரு தொப்பி என்ன விலை என்று பிள்ளைக்கு உறைக்காது. கடைசியில் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதைச் செலவழிக்க இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும். எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி, சேதாரம் என்று கணக்குப் பார்த்துக் கொலுசு செய்கிறவர் உங்கள் கணவர். இதை உங்களைவிட, என்னைவிட, அவர்தான் அழகாகச் சொல்லிக்கொடுப்பார். இதுவரை வாங்கிய ரோபக்ஸை அவனையே ரூபாயில் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். உங்கள் போனின் யுபிஐ பின் நம்பரை மாற்றுங்கள். ரோப்ளாக்ஸில் பெற்றோர் கணக்கு ஒன்றைத் தொடங்கி மகன் கணக்கோடு இணைத்தால் செலவுக்கும் நேரத்துக்கும் வரம்பு வைக்க முடியும், யாரெல்லாம் நண்பர்கள் என்பதும் தெரியும்.

நேரச் சண்டை வேறு வகை. நாம் பார்த்த சினிமா மூன்று மணி நேரத்தில் 'வணக்கம்' போட்டுவிடும். இது முடியவே முடியாது. இவன் வெளியே வந்தாலும் உள்ளே நண்பர்கள் தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். "இன்னும் பத்து நிமிஷம்மா" என்று அவன் கெஞ்சுவதற்குக் காரணம் அதுதான். அதனால் நடுவில் சுவிட்சை அணைக்காதீர்கள். எட்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்றால் ஏழே முக்காலுக்கே சொல்லிவிடுங்கள், நண்பர்களிடம் விடைபெற்றுக்கொண்டு வரட்டும். தூக்கம், படிப்பு, சாப்பாடு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் போனால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கவலை தருவது நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன திக்குவாய்தான். லேப்டாப் போனால் அது போகாது, வாய் திறக்காமலே பழக இருந்த ஒரே இடமும் போய்விடும். பேச்சுப் பயிற்சி நல்ல பலன் தரும், 13 வயது ஒன்றும் தாமதமில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். வீட்டில் அவன் பேசும்போது யாரும் வார்த்தையை எடுத்துக்கொடுக்க வேண்டாம், அக்கா உட்பட.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடைவீதியைச் சுற்றிக் காட்டும்போது நேரமாகும். வார்த்தை நிற்கும், திரும்ப வரும். அவன் சொல்லி முடிக்கட்டும். அங்கே ஒரு கொலுசுக்கடை இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.