காது கேட்கும் திறனை வீட்டிலேயே ஆன்லைனில் சோதித்துப் பார்க்கலாமா? அதை நம்பலாமா?

பார்க்கலாம். மார்க் குறைவாக வந்தால் நம்பி டாக்டரிடம் போங்கள். நல்ல மார்க் வந்தால்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் பெரியவர் யாருக்காகவோதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசறீங்க" என்கிற ரகமாக இருப்பார். நானும் அந்த ரகம்தான். அது பொய்யும் இல்லை. சத்தம் கேட்கும், சொல்தான் பிடிபடாது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில், தேயிலையை நசுக்கித் துண்டாக்கும் சிடிசி மெஷின் ஓட்டியவன் நான். சீசனில் ராத்திரி பகல் கிடையாது. ஒரு பேரிங் போகப் போகிறதென்றால் ஃபிட்டர் வருவதற்கு முன்பே காதால் கேட்டுச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் பெருமைதான்). அந்தக் காதில் வைக்க ஒரு அடைப்பான் தர வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது மந்தமும் அப்போதே இருந்தது. இது எனக்குத் தெரிய வந்தது வேலையை விட்ட பிறகு.

மகள்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹியர் டபிள்யூஎச்ஓ' செயலியைப் போட்டுக் கொடுத்தாள். 2019இல் வந்தது, இலவசம். ஹெட்ஃபோனில் இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களை ஆங்கிலத்தில் சொல்லும். கேட்டதை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் அடுத்தது கஷ்டமாகும், தப்பினால் லேசாகும். 'பீப்' சத்தம் மட்டும் போடும் சோதனைகளில் உங்கள் போனும் ஹெட்ஃபோனும் எப்படிப்பட்டவை என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். இதில் போனையும் ஹெட்ஃபோனையும் பொறுத்து எண்ணும் இரைச்சலும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அறை அமைதியாக இருக்க வேண்டும். எங்கள் வீடு தகரக் கூரை. ஐப்பசி மழை வெறித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

நூற்றுக்கு எனக்கு வந்த மார்க் 50க்குக் கீழே. டாக்டரிடம் போய் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தபோது, கீச்சென்ற ஒலிகள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அங்கேதான், போனது திரும்பாது என்றார் டாக்டர். ஸ, ஃப மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவுவதும் இதனால்தான். சருகு நொறுங்கும் சத்தமும் அப்படியே. தேயிலைக் காட்டு வழியில் காட்டெருமை நின்றது என்னோடு வந்தவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

இனி நல்ல மார்க் விஷயம். என் தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே இடது காதில் சீழ், சவ்வில் ஓட்டை. வேறொரு தளத்தில் இதே மாதிரி எண் சோதனை செய்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிட்டான். இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தை அனுப்பும் சோதனைகளில் நல்ல காதே எல்லாவற்றையும் கேட்டுவிடும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் எண், இரைச்சல் இரண்டும் சேர்ந்து மங்குவதால் மார்க் குறையாமல் போகலாம்.

'மெஷின் ஓட்டினவனுக்கு என்ன தெரியும்' என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். வைத்தியம் சொல்ல வரவில்லை, செயலி விற்கவும் வரவில்லை.

சளி பிடித்திருக்கும்போதும், மேட்டுப்பாளையம் காட் ரோட்டில் ஏறி இறங்கி வந்த உடனேயும் காது அடைத்திருக்கும், அப்போது சோதிக்காதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் போனை வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். சில நாள் தள்ளினால்கூட மருந்து பலிக்கும் வாய்ப்பு குறையும்.

எனக்குக் காது மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை என்று கணக்குப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. ஆனால் இலை போடும் இடத்தில் மழை நாளில் ஈரம் என்று சொல்லி எடையைக் கழிக்கிறார்கள். வெயிலில் வாடிய இலைக்கு எடை கூட்டிப் போட்டதாக இதுவரை ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை, காது நன்றாக இருந்த காலத்திலும்.