பழைய எச்ஓ ரயில் எஞ்சின் மலிவாக வந்தால் வாங்கலாமா?

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மகனுக்குப் பழைய எச்ஓ மாடல் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிச் சீர்செய்து டிசிசிக்கு (ஒரே தண்டவாளத்தில் ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறைக்கு) மாற்றலாமா?

தாராளமாக, மோட்டார் சுழன்றால். எச்ஓ என்றால் 1:87 அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பெரும்பாலானவை 12 வோல்ட் டிசியில் ஓடுபவை. பழைய மார்க்லின் (ஜெர்மன் நிறுவனம்) எஞ்சின்கள் ஏசி, அதற்குத் தண்டவாளமே வேறு.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்க, கையோடு ஒரு துண்டுத் தண்டவாளமும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்டுபோங்கள். எஞ்சின் முனகிவிட்டு நகராமல் நின்றால் பெரும்பாலும் கிரீஸ் இறுகியிருக்கும்; பயம் வேண்டாம். பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தால் விட்டுவிடுங்கள், உதிரி தேடியே சலித்துப்போவீர்கள். வேலூர் வெயிலில் பரணில் கிடந்தது என்றால் ரப்பர் டயரும் காய்ந்திருக்கும், அது மாற்றக்கூடியதுதான்.

முதலில் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். சக்கரங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இதிலேயே பாதி எஞ்சின்கள் பிழைத்துவிடும்.

அப்புறம் டிசிசி. பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் சிறு துண்டு) நேராக உலோக அடிச்சட்டத்தைத் தொட்டிருக்கும். இரண்டு பிரஷ்களையும் சட்டத்திலிருந்து முழுக்கப் பிரித்த பிறகே டிகோடரை (எஞ்சினுக்குள் வைக்கும் டிசிசி சர்க்யூட்டை) இணைக்க வேண்டும். மல்டிமீட்டரில் சரிபார்க்காமல் இணைத்து ஒரு டிகோடரைக் கருக்கியிருக்கிறேன்; அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.