சலசலப்பு அடங்கட்டும்: தட்டை பற்றிய கேள்விகளும் பதில்களும்

கோகுலாஷ்டமி நெருங்குகிறது. தட்டை கல்லாக வருகிறது, மறுநாளே நமுத்துப் போகிறது, எண்ணெய் குடிக்கிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடமாக வீட்டுக்கும், கேட்பவர்களுக்கும் தட்டை தட்டிக்கொண்டிருக்கிறேன். பதில்களைப் படிக்கும்போது தண்ணீரை மட்டும் மறக்காதீர்கள். அரிசி களைவதிலிருந்து டப்பாவை மூடுவது வரை, மாவுக்குள் இருக்கும் தண்ணீர் எப்போது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதில்தான் கரகரப்பு இருக்கிறது.

திருச்சியிலிருந்து: அக்கா, முதல் தடவையாகச் செய்யப்போகிறேன். அளவு சொல்லுங்களேன்.

அரிசி மாவு 2 கப், வறுத்து அரைத்துச் சலித்த உளுத்த மாவு 2 மேஜைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு 2 மேஜைக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 2 மேஜைக்கரண்டி. அரை மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பு ஒரு கைப்பிடி, மிளகாய்த்தூள், கரைத்த பெருங்காயம், எள், கிள்ளிய கறிவேப்பிலை, உப்பு. வெண்ணெயை முதலில் மாவோடு உதிரியாகப் பிசறிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். உருட்டினால் விரிசல் விடாமல் நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. மொத்தத்தையும் ஒரே நேரத்தில் பிசைந்து வைத்துவிடாதீர்கள், நேரமானால் மாவு சிவந்து பொரியும். பத்துப் பதினைந்து தட்டைக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள்.

மதுரையிலிருந்து: பாக்கெட் அரிசி மாவில் செய்யலாமா? அம்மா மில்லில் அரைத்த மாவுதான் வேண்டும் என்கிறார்.

உங்கள் அம்மா சொல்வதில் காரணம் இருக்கிறது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்புகிறோம். கையில் அள்ளினால் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தோடு அரைத்தால் மாவு மிக நைசாக விழும். காய்ந்த அரிசியை அரைத்தால் குருணை தங்கும், அது பல்லில் நறநறக்கும். அரைத்ததைச் சலித்து, அடி கனமான வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். விரல் நுனியில் எடுத்துக் கோலம் இழுத்துப் பாருங்கள். கோடு அறுபடாமல் வந்தால் இறக்கிவிடலாம். நிறம் மாறவே கூடாது.

பாக்கெட் மாவிலும் நல்ல தட்டை வரும். ஒரு முறை சலித்து, கை பொறுக்கும் சூடு வரை வறுத்துக்கொள்ளுங்கள். இடியாப்ப மாவு என்று விற்பது ஏற்கெனவே வறுத்தது, அது தண்ணீர் கூடுதலாக இழுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

விருதுநகரிலிருந்து: எனக்குக் கல் மாதிரி வருகிறது. சோடா உப்பு சேர்க்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. சோடா போட்டால் தட்டை எண்ணெயை உறிஞ்சும், வாயில் ஒரு கசப்பும் நிற்கும். கல்லாக வருவதற்கு வெண்ணெய் குறைந்திருக்கும், இல்லையென்றால் தட்டிய கனம் கூடியிருக்கும். வெண்ணெய் மாவுத் துகள்களுக்கு நடுவே புகுந்து அவை ஒன்றோடொன்று இறுகாமல் பிரிக்கிறது. கூடிப்போனாலும் கஷ்டம், எண்ணெயில் போட்டதும் உதிர்ந்துவிடும். வெண்ணெய் இல்லையா, அதே அளவு எண்ணெயைக் காய்ச்சிச் சூடாக மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கனம் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து: என் தட்டை எல்லாம் பூரி மாதிரி உப்புகிறது.

தட்டியதும் முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். உள்ளே ஆவியாகும் தண்ணீருக்குப் போக வழி வேண்டும். கடையில் வாங்கும் உப்பு பிஸ்கட்டில் வரிசையாக ஓட்டைகள் இருப்பதும் இதற்காகத்தான். எங்கள் வீட்டில் இன்றும் பழைய வேட்டித் துணியில்தான் தட்டுகிறோம். பிளாஸ்டிக் தாளில் தட்டினால் சீக்கிரம் எடுக்க வரும், உண்மைதான். ஆனால் துணி மேல்ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தட்டிப் பத்து நிமிடம் காயவிட்டுப் பொரித்தால் உப்பாது, எண்ணெயும் குறைவாகவே குடிக்கும்.

சென்னையிலிருந்து: வெளியே நல்ல பொன்னிறம், எடுக்கும்போது மொறுமொறு என்றுதான் இருக்கிறது. சாயங்காலம் நடுப்பகுதி மட்டும் சவசவ என்று ஆகிவிடுகிறது. என்ன தப்பு மாமி?

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கல்யாணமான முதல் வருடம் எனக்கும் இதுவே நடந்தது. நிறம் வந்ததும் எடுத்து எடுத்துத் தட்டில் போட்டேன். மத்தியானத்துக்குள் ஒரு தட்டை மிச்சமில்லாமல் வளைந்தது. அடுத்த ஈடு போடும்போது மாமியார் என்னை அடுப்பருகே நிறுத்தி, பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னார்.

எண்ணெயில் போட்டதும் எழும் நுரையும் சலசலப்பும் மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும் சத்தம். முதலில் பெரிய பெரிய குமிழி, உரத்த சத்தம். போகப் போகக் குமிழி சிறுத்து ஓரத்தில் மட்டும் நிற்கும். கடைசியில் எண்ணெய் ஏறக்குறைய அமைதியாகிவிடும். அந்த அமைதி வரும் வரை எடுக்கக் கூடாது. தீ அதிகமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கும்போதே மேலே சிவந்துவிடுகிறது. நாம் பயந்து எடுத்துவிடுகிறோம். ஆறிய பிறகு நடுவில் தங்கிய ஈரம் ஓரத்துக்குப் பரவி, முழுத் தட்டையையும் கெடுக்கிறது.

ஆகவே தீயைக் குறையுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ். இல்லாதவர்கள் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பாருங்கள்: போனதும் அடியில் தங்கி, மெதுவாக மேலே எழுந்து வர வேண்டும். அங்கேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை, தட்டை எண்ணெயில் ஊறிவிடும். சட்டென்று சீறி மேலே வந்து சிவந்தால் சூடு அதிகம். வாணலியில் இடம் இருக்கிறதே என்று எட்டுப் பத்து போடாதீர்கள். ஈரமாவு கூடக்கூட எண்ணெய் ஆறிவிடும். நாலைந்து போதும்.

இன்னொன்று. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் தட்டை சற்று மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்பப் போட்டுக் கருக்கிவிடாதீர்கள். ஆறும்போதுதான் மாவு இறுகி ஒடியும் பதத்துக்கு வருகிறது.

சேலத்திலிருந்து: எங்கள் ஊர் தட்டுவடை செட்டுக்குப் போடும் சின்னத் தட்டை வீட்டில் வருமா?

ஓ, தாராளமாக! நடுவில் கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி எல்லாம் வைத்தும் சாப்பிட்டு முடிக்கும்வரை அது மொறுமொறுப்பாகவே இருக்க வேண்டும் அல்லவா? அதற்குப் புழுங்கலரிசித் தட்டை பொருத்தம். புழுங்கலரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்போடு முடிந்த மட்டும் தண்ணீர் விடாமல் கெட்டியாக ஆட்டுங்கள். தட்டும் பதம் வரும் வரை பொட்டுக்கடலை மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். மாவில் ஈரம் அதிகம் என்பதால் பச்சரிசித் தட்டையைவிடப் பொரிய நேரம் எடுக்கும். சட்னியை உண்ணும் நேரத்தில்தான் தடவ வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, எங்கட பருத்தித்துறை வடைக்கு உழுந்து, அரிசி மா, கோதுமை மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் எல்லாம் போடுறனாங்கள். ரெண்டு நாளிலை இளகிப் போகுது. என்ன செய்யலாம்?

பெயர் வடை என்றாலும் தட்டை மாதிரி மெல்லியதாகத் தட்டிப் பொரிப்பதுதானே அது, அதன் பெருஞ்சீரக வாசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஊறிய உழுந்து தனக்குள் நிறையத் தண்ணீர் வைத்திருக்கும். வடிதட்டில் போட்டு, துணியில் ஒற்றியெடுத்த பிறகு மாவில் சேருங்கள். உழுந்தில் ஈரம் இருப்பதால் குழைக்கும் தண்ணீரையும் குறைக்கலாம். கோதுமை மா இழுவை உள்ளது, தட்டினால் சுருங்கித் தடிக்கப் பார்க்கும். குழைத்து இருபது நிமிடம் மூடி வைத்தால் இழுவை தளர்ந்து, மெல்லியதாகத் தட்ட வரும்.

திண்டுக்கல்லிலிருந்து: பருப்பு வெடித்து எண்ணெய் தெறித்துக் கையில் பட்டது. பயமாக இருக்கிறது.

காயம் ஆறட்டும், அவசரப்படாதீர்கள். ஊறிய கடலைப்பருப்பைத் துணியில் ஒற்றி, மேலே ஈரமில்லாமல் மாவில் சேருங்கள். தட்டும்போது பருப்பு மாவுக்கு வெளியே துருத்தி நிற்காமல் அழுத்திவிடுங்கள். கறிவேப்பிலையையும் கழுவிக் காயவைத்த பிறகே கிள்ளிப் போடுங்கள். சீடைக்குத்தான் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது உருண்டை, ஆவி வெளியேற வழியில்லை. மாவைச் சலிக்காமலோ, அழுத்தி உருட்டியோ போட்டால் வெடிக்கும். பிள்ளைகளை அடுப்பருகே விடாதீர்கள்.

மெல்போர்னிலிருந்து: மாமி, எண்ணெய்ச் சட்டி வைக்க முடியாத வீடு. பேக்கிங் அவனில் (oven) செய்ய வழி உண்டா?

அரிசித் தட்டையை அவனில் வைத்தால் காய்ந்த அப்பளக்கட்டி மாதிரி ஆகிறது, எனக்குத் திருப்தியில்லை. ஆனால் கோதுமை கிராக்கர் அருமையாக வரும். கோதுமை மாவு 1 கப், எண்ணெய் 2 மேஜைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஓமம் அல்லது எள். எண்ணெயை முதலில் பிசறி, சுமார் மூன்றில் ஒரு பங்கு கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி மூடி வையுங்கள். பேக்கிங் தாளின் மேலேயே வைத்துத் தேய்த்தால் தூக்கி மாற்றும் வேலையில்லை. அடியில் தாள் நிறம் தெரிகிற மாதிரி மெல்லியதாக, எல்லாப் பக்கமும் ஒரே கனமாகத் தேயுங்கள். கத்தியால் சதுரம் கீறி, முள்கரண்டியால் குத்தி, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஓரத்துண்டுகள் முதலில் சிவக்கும். அவற்றை எடுத்துவிட்டு மற்றதை உள்ளே தள்ளுங்கள். அணைத்த பிறகு கதவைச் சற்றே திறந்துவைத்து, பத்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். கடைசி ஈரம் அப்போதுதான் போகும்.

கோயம்புத்தூரிலிருந்து: விடுதியில் இருக்கும் பையனுக்கு அனுப்ப வேண்டும். எத்தனை நாள் இருக்கும்?

நன்றாகப் பொரிந்தது இரண்டு வாரம் தாங்கும். அதன் பிறகு நமுக்காவிட்டாலும் காறல் வாடை வரத் தொடங்கும். அனுப்புவதற்குப் புது எண்ணெயிலேயே பொரியுங்கள். தேங்காய் சேர்க்காதீர்கள். முழுக்க ஆறாமல் டப்பாவை மூடினால் ஆவி மூடியில் வேர்த்துத் தட்டை மேலேயே சொட்டும். இரண்டு சின்ன டப்பாவாகப் போட்டு அனுப்புங்கள். ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதைத் திறக்கச் சொல்லுங்கள்.

கடலூரிலிருந்து: நமுத்துப் போனதைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

வேண்டாம் அம்மா. காறல் வாடை இல்லையென்றால் மீட்டுவிடலாம். அவனில் 130 டிகிரியில் பத்து நிமிடம், அல்லது தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போடுங்கள். பிறகு விரித்து முழுதாக ஆறவிட்டு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். டப்பென்று ஒடியாமல் வளைந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள்.