தனிப்பட்ட சவாலாக எடுத்துக்கொண்டால் சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்கள் நிலைக்குமா?

"ஒரு மாதச் சவாலாக எடுத்துக்கொண்டு சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களைத் தொடங்க நினைக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை பாதியில் விட்டுவிட்டேன். யாருக்காவது இது நிலைத்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. எனக்குப் பதினான்கு மாதங்களாக நிலைத்திருக்கிறது. ஆனால் அது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி பன்னிரண்டே நாளில் நின்றுபோனது. அது ஏன் நின்றது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

முதல் முறை ஒரு தாளில் 22 விதிகள் எழுதி, எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் பை வாங்கக் கூடாது, ஐந்து நிமிடத்தில் குளித்து முடிக்க வேண்டும், வீணாக விளக்கு எரியக் கூடாது, குப்பையைப் பிரிக்க வேண்டும், பக்கத்து இடங்களுக்கு நடந்தே போக வேண்டும். இப்படிப் போகும் அந்தத் தாள். முதல் மூன்று நாள் உற்சாகம் தாங்கியது. அப்புறம் காலையிலிருந்து இரவு வரை ஏதாவது ஒரு விதியை நினைவில் சுமந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்து மிகவும் தாமதமாகக் கிளம்பி, வழியில் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பை. "சரி, இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே" என்று அன்றிரவு மற்ற விதிகளையும் விட்டுவிட்டேன். மறுநாள் அந்தத் தாளைப் பார்க்கவே மனம் வரவில்லை.

ஒன்று அறுந்தால் 22-ம் அறுந்து விழும்படி ஒரே கயிற்றில் நானே கட்டி வைத்திருந்தேன். அதோடு, அந்த 22-ல் எதனால் எவ்வளவு பயன் என்று எனக்குத் தெரியாது. எங்கெங்கோ படித்ததைத் தொகுத்து எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை எந்த விதியும் எழுதவில்லை. ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வீட்டுக் குப்பையை மட்டும் தனியாகச் சேர்த்தேன். ஏழாம் நாள் பழைய செய்தித்தாள்களை விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்து எடை போட்டேன். நாற்றம் பிடிக்கும் வேலைதான். ஆனால் நான் செய்தவற்றிலேயே மிகவும் உதவியது அந்த ஒரு மணி நேரம்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மொத்தக் குப்பை 5.4 கிலோ. பிளாஸ்டிக்தான் அதிகம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது 600 கிராம்தான். காகிதமும் அட்டையும் 900 கிராம். உணவுக் கழிவு மட்டும் 3.2 கிலோ. அதையும் பிரித்துப் பார்த்தேன். தோல், காம்பு, எலும்பு போன்றவை போக, சாப்பிட்டிருக்கக்கூடிய உணவு 1.1 கிலோ இருந்தது. பாதி வெட்டிய காய், பிரித்துவிட்டு மறந்துபோன பாக்கெட், இரண்டு நாள் முந்தைய மிச்சம். எல்லாமே குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் ஒளிந்து கிடந்து கெட்டவை. பசியோடு எத்தனையோ பேர் இருக்கிற உலகத்தில் இதைச் செய்திருக்கிறோமே என்று அன்று எனக்கு உண்மையாகவே வலித்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. தோல், எலும்பையும் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து மட்கும்போது இந்த உணவிலிருந்து மீத்தேன் வெளிவருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அந்த உணவை விளைவிக்கச் செலவான தண்ணீரும் டீசலும் உரமும் தனிக் கணக்கு.

ஆகவே முதல் சவாலுக்கு விஷயம் தானாகவே கிடைத்துவிட்டது: சாப்பிடக்கூடியதைக் குப்பையில் போடக் கூடாது. இது ஒன்றுதான், வேறு எதுவும் இல்லை.

மன உறுதியை நம்பி இதில் இறங்கவில்லை. ஒரு பொருளின் இடத்தை மாற்றினேன். குளிர்சாதனப் பெட்டியில் கண்ணுக்கு நேராக வரும் தட்டின் முன்பக்கம் ஒரு திறந்த டப்பாவை வைத்து, "முதலில் இது" என்று எழுதி ஒட்டினேன். பிரித்தது, வெட்டியது, மிஞ்சியது, நாளைக்குள் கெட்டுவிடும் என்று தோன்றுவது எல்லாம் அதற்குள். சமைக்கப் போகும்போது முதலில் அந்த டப்பாவைத்தான் பார்ப்பது. கடைக்குக் கிளம்பும் முன்னாலும் அதைத்தான் பார்ப்பது. பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரம் எறிந்த, சாப்பிடக்கூடிய உணவின் எடை அதில் ஏறும். முதல் வாரம் 900 கிராம், நான்காம் வாரம் 350, எட்டாம் வாரம் 200.

எட்டாம் வாரம் என்றதும், ஒரு மாதச் சவால்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாதம் போதாது என்பது என் அனுபவம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960-ல் எழுதியதிலிருந்து பரவிய பேச்சு அது. மாறிப்போன தங்கள் முகத்துக்குப் பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் குறிப்பிட்டிருந்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியிலேயே தொலைந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. அதே ஆய்வில் எனக்கு ஆறுதல் தந்த இன்னொன்று, இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை என்பது. என் முதல் முயற்சியில் இது மட்டும் தெரிந்திருந்தால் பதின்மூன்றாம் நாளும் தொடர்ந்திருப்பேன்.

ஆகவே ஒரு சவாலுக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டேன். அது கை வந்தபின்தான் அடுத்தது.

மூன்றாம் வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய பள்ளிப் பைக்குள் பாதி கடித்த பழம் ஒன்று காகிதத்தில் சுற்றி நசுங்கிக் கிடந்தது. ஏம்மா இப்படி என்று கேட்டதற்கு, "வீட்டுக் குப்பையில போட்டா எடை கூடிடும், நீ நோட்டுல எழுதுவியேப்பா. அதான் ஸ்கூல் குப்பைத்தொட்டியில போடலாம்னு வச்சிருந்தேன்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வாரங்களில் விளக்கை அணைக்காததற்கும் தட்டில் மிச்சம் வைத்ததற்கும் நான் எத்தனை முறை குரல் உயர்த்தினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் இது என் சவால், நோட்டு என் நோட்டு, அதை வைத்து வீட்டில் யாரையும் ஒரு சொல் கேட்பதில்லை. குடும்பத்தோடு வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே கண்டிப்பான விஷயம் இதுதான். பயத்தில் குறையும் எடை, உண்மையில் வேறொரு தொட்டிக்குத்தான் போகிறது.

இரண்டாவது சவால் பை. இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டால் மறந்துவிடும். தினமும் தோளில் போகும் பைக்குள் மடித்து வைத்தால் மறக்காது. ஆனால் இதற்கென்று புதிதாகத் துணிப்பை வாங்காதீர்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறியும் சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அதன் பங்கு குறைவாகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். தேடிப் பார்த்தபோது வீட்டிலேயே ஒன்பது துணிப்பைகள் இருந்தன.

மூன்றாவது வெந்நீர். இதில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறக்குறைய 0.47 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி விளக்கு 50 மணி நேரத்துக்கு மேல் எரியும். செல்போன் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவைத்தால் பெரும்பாலும் கால் வாட்டுக்கு மேல் இழுக்காது. ஆண்டு முழுவதும் விட்டாலும் இரண்டு யூனிட் சொச்சம், அதாவது ஐந்து முறை வெந்நீர்க் குளியலுக்கு ஆகும் அளவு. சார்ஜரைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்குக்கும் சார்ஜருக்கும் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, இருபது நிமிடம் வெந்நீரில் நின்றவன் நான். இப்போது சூட்டைக் குறைத்து, ஒரு வாளியோடு முடித்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் மட்டும் இது இன்னும் எனக்குக் கை வரவில்லை.

எந்தச் சவாலிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றில் நல்லது செய்தோம் என்ற நிறைவு, இன்னொன்றில் நம்மைத் தளர விடும். வெரீனா டீஃபன்பெக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. தண்ணீரைச் சேமிக்கத் தூண்டப்பட்ட குடும்பங்கள் தண்ணீர்ச் செலவைச் சுமார் 6 சதவீதம் குறைத்தன. அதே குடும்பங்களில் மின்சாரச் செலவு, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற வீடுகளைவிட 5.6 சதவீதம் கூடியது. எனக்கும் இது நடந்தது. உணவுக் கழிவு குறைந்த மகிழ்ச்சியில், அவசியமே இல்லாத இரண்டு பொருட்களை வீட்டுக்கு வரவழைத்தேன். "நான்தான் இவ்வளவு செய்கிறேனே" என்ற எண்ணம் உள்ளே ஓடியது எனக்கே தெரிந்தது. அதிலிருந்து நோட்டில் இன்னொரு வரிசை சேர்த்தேன்: "இந்த வாரம் புதிதாக வீட்டுக்குள் வந்தவை."

பெரிய விஷயங்களைத் தொடாமல் சின்னவற்றிலேயே நின்றுவிடுவதும் அதே வகைதான். செத் வைன்ஸும் கிம்பர்லி நிக்கோலஸும் 2017-ல் வளர்ந்த நாடுகளை வைத்துக் கணக்கிட்டதில், கார் இல்லாமல் வாழ்வது ஆண்டுக்குச் சுமார் 2.4 டன் கரியமில வாயுவைத் தவிர்க்கிறது, அட்லாண்டிக்கைக் கடந்து போய்வரும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்ப்பது 1.6 டன், தாவர உணவுக்கு மாறுவது 0.8 டன். நாம் எல்லோரும் முதலில் செய்ய நினைக்கும் மறுசுழற்சி, தாவர உணவின் பலனில் நான்கில் ஒரு பங்குதான். இதைப் படித்தபின்தான் நான்காவது சவாலாக, இரண்டு கிலோமீட்டருக்குள் எங்கே போனாலும் நடப்பது என்று வைத்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைகூட இருக்காது. ஆனால் அது எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அதிலுள்ள கரி காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை அப்படிக் கூடுகிறது. வண்டிச் சாவியை எடுக்கக் கை நீளும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது. பாதி நாள் நடந்துவிடுகிறேன். மீதிப் பாதி நாளுக்கு, கிளம்பும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இடையில் கைவிட்டவையும் உண்டு. வீட்டிலேயே சோப்பு செய்வது என் நேரத்துக்கு ஒத்துவரவில்லை. மட்கு உரம் முதல் முறை நாறிப்போனது. ஈரக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்ததுதான் காரணம், காற்றுப் போகவில்லை. கிழித்த அட்டையும் காய்ந்த இலையும் ஈரக் கழிவைப்போல் இரண்டு மடங்கு அளவுக்குக் கலந்து, வாரம் இரு முறை கிளறிய பிறகு நாற்றம் நின்றது. அது இப்போது ஓடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது முறையாகத் தொடங்கும் முன் ஒரு வாரம் குப்பையை மட்டும் பாருங்கள். என் வீட்டில் உணவு வந்தது, உங்கள் வீட்டில் அது அட்டைப்பெட்டியாகவோ குழந்தையின் டயப்பராகவோ இருக்கலாம். எது கனக்கிறதோ அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு மாதத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் அந்த நாளுக்கு நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் தேதியை எழுதுங்கள். என் நோட்டில் இதுவரை 31 கோடுகள் இருக்கின்றன.