அமெரிக்கத் தங்க ஓய்வூதியக் கணக்கு: பெட்டக வாடகையை எப்படி ஒப்பிடுவது?

அமெரிக்காவில் ஓய்வூதியக் கணக்கில் (ஐஆர்ஏ) தங்கம், வெள்ளி வாங்கினால், அது வங்கி அல்லது அரசு ஏற்ற பொறுப்பாளர் வசம்தான் இருக்க வேண்டும். அதற்கான ஆண்டு வாடகைதான் பெட்டகக் கட்டணம். காவல், காப்பீடு, இடம் எல்லாம் இதில் அடங்கும்.

சிலர் ஒரே தொகை கேட்பார்கள், சிலர் மதிப்பில் சதவீதம். 150 டாலரா, 0.5 சதவீதமா என்று வையுங்கள். 20,000 டாலர் தங்கத்துக்குச் சதவீதக் கணக்கில் 100 டாலர்தான். அதுவே 1,00,000 ஆனால் 500! விலை ஏற ஏற வாடகையும் ஏறும்; முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் தங்கத்தைத் தனியாக வைப்பார்களா, பிறருடையதோடு சேர்த்தா என்றும் கேளுங்கள். கிடங்கில் உங்கள் நெல் மூட்டையே திரும்ப வருவதற்கும், அதே ரகம் அதே எடையில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் அது. தனி வைப்புக்குப் பொதுவாகக் கூடுதல் செலவு.

வீட்டில் வைத்தால் வாடகை மிச்சம் என்று நினைக்காதீர்கள்: 2021-ல் அமெரிக்க வரி நீதிமன்றம், அப்படி வைத்த நாணயங்களைக் கணக்கிலிருந்து எடுத்த பணமாகவே கருதியது.